வெயிலுக்குக் குறைவில்லை

டிசம்பர் 2

ஒருவழியாகச் சோலார் மாட்டி முடித்துவிட்டார்கள். காலையிலிருந்து மொட்டைமாடியில் டொக்கு டொக்கென்று ஒரே சத்தம், எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. ஆறு கறுப்புப் பலகைகள் தெற்கே பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. துணி காயப்போடும் கொடிக்கம்பி போச்சு. கேட்டால், "நிழல் விழக்கூடாதும்மா" என்கிறான் மாட்ட வந்தவன். சரி, என் சேலையை விட என் வீட்டுக்காரர் மூச்சு முக்கியம்.

இவருக்கு நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். மூக்கில் குழாயோடுதான் சாப்பாடு, தூக்கம், சீரியல் எல்லாம். அந்த மெஷின் குடிக்கிற கரண்டுக்கு வந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஜெயசுதா, அரசாங்க மானியம் கிடைக்கிறது, சோலார் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அனல்மின் ஆலையில் கரி இறக்குகிற பகுதியிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனுஷர்.

"கப்பல் கப்பலா கரிய இறக்கி ஊருக்கே கரண்டு குடுத்தவன் நான். என் வீட்டுக்கு சூரியன்கிட்ட போய்க் கையேந்துதிய" என்றார்.

"சூரியன் உங்கள மாதிரி ஓவர்டைம் கேக்காது. சும்மா கெடங்க" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமாயிற்று.

பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் நாத்தனார் சந்தனமாரி ஆட்டோ வைத்து ஏரலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம், அங்கே அடிக்கடி கரண்டு போகிறதாம். நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டு மேலேயே சூரியன் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆசிட் நாற்றம் எதற்கு? மூலை காலியாகிவிட்டது. அரிசி டிரம்மை அங்கே நகர்த்திவிட்டேன். நல்ல வசதி.

டிசம்பர் 5

பலகைகளைத் தினமும் துடைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வெயிலைச் சரியாகக் குடிக்காதாம். எனக்கு வேலை போதவில்லை பாருங்கள்! காலையில் வாளியும் துணியுமாக ஏறினேன். ஒரு பலகையைத் துடைப்பதற்குள் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. ஆறு முடிப்பதற்குள் வாளித் தண்ணீர் சிமெண்ட் கரைத்த தண்ணீர் மாதிரி ஆயிற்று. எங்கள் மாடியில் நின்றால் ஆலையின் புகைபோக்கி எதிரே தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், தூசி கொட்டி வைத்த மாதிரி விழுகிறது.

வாளியை இவரிடம் காட்டினேன். "உப்பளத் தூசிட்டி அது" என்றார்.

உப்பளத் தூசி வெள்ளையாக அல்லவா இருக்கும்? கேட்கவில்லை. ஆலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவிடமாட்டார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு புது டாக்டரும் பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்பார். வெற்றிலை கூடப் போடாத மனுஷர் இவர். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் ஒன்றும் சொல்வதில்லை. பென்ஷன் வருகிறது, சோறு வேகிறது.

டிசம்பர் 11

ஜெயசுதா போன். நம் வீட்டு சோலார் எவ்வளவு கரண்டு கொடுக்கிறது என்று அவள் செல்போனிலேயே தெரிகிறதாம். "சூப்பர்மா, தேவைக்கு மேல வருது, மிச்சம் தெருவுக்குப் போவுது" என்கிறாள். நான் துடைக்கிற துடைப்புக்கு வராமல் என்ன செய்யும்?

டிசம்பர் 17

நேற்றிரவு பிடித்த மழை இன்னும் விடவில்லை. இது மழை இல்லை, யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மறந்து போய்விட்டார்கள். சாயங்காலம் கரண்டு போயிற்று. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது.

கட்டில் தலைமாட்டில் அவசரத்துக்கென்று ஒரு ஆள் உயர சிலிண்டர் நிற்கிறது. டாக்டர் சொன்னபடி திருகை இரண்டில் வைத்துக் குழாயை அதில் மாட்டினேன். எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் மட்டும் போன வருஷமே உடைந்து போய்விட்டது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்றே நாள் போயிற்று. முழுசாக இருக்கிறது என்று சிலிண்டர்க்காரர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சோலார் ஏன் ஓடவில்லை என்று இவரிடம் கேட்டேன். "மழையில எங்கட்டி வெயிலு?" என்றார். அதுவும் சரிதான். விடிந்தால் வெயில் வரும்.

டிசம்பர் 18

விடிந்தது. வெயில் வரவில்லை, வெள்ளம் வந்துவிட்டது. குளம் உடைந்துவிட்டதாம். தெருவில் ஆள் கழுத்தளவு தண்ணீர். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ரெஜினா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார், ஒண்டிக்கட்டையாக என்ன செய்வாள் பாவம்?

"யக்கா, கட்டிலு, பீரோ, தைக்கக் குடுத்த துணி, எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்து அழுதாள். ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மத்தியானம் யோசித்தேன். கரண்டு எப்போது வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சிலிண்டர் மாற்ற ஆள் வர வழி கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று, இவர் கண்ணயர்ந்த நேரம் திருகை இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினேன். தூக்கத்தில் அவ்வளவு தேவைப்படாது. அடுப்பை சிம்மில் வைப்பதில்லையா?

கண் திறந்து பார்த்துவிட்டார்.

"லோடு கொறைக்கியா?"

"இல்ல, குழாய் மடிஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"கொற, கொற. நாங்களும் ஊருக்கு அப்படித்தான் செய்வோம். இருக்கத வச்சுல்லா ஓட்டணும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 19

இன்று வெயில் அடித்தது. சாதாரண வெயிலா? கண் கூசுகிற வெயில். நாலு பக்கமும் தண்ணீர், மேலே நீல வானம். அடித்துப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். பலகைகளை மழையே கழுவிவிட்டிருந்தது. கண்ணாடி மாதிரி மின்னின. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கீழே ஓடி வந்து மெஷினைப் போட்டேன்.

ஓடவில்லை. ஃபேனைப் போட்டேன், லைட்டைப் போட்டேன். ஒன்றும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கிற சோலார் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது.

என் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. மாடி மூலையில் சிக்னல் கிடைத்ததும் சோலார் மாட்டினவனைப் போனில் பிடித்தேன்.

"அம்மா, தெருவுல கரண்டு இருந்தாத்தான் இதுவும் ஓடும். தெரு லைன் நின்னா இதுவும் தன்னால நின்னுரும்" என்றான்.

"என்னல சொல்லுத? உச்சியில வெயிலு காயுது!"

"வெயிலு இருந்தும் பிரயோசனம் இல்லம்மா. லைன சரி பண்ணக் கம்பத்துல ஏறுத ஆளுக்கு நம்ம வீட்டுக் கரண்டு போய் அடிச்சிரக் கூடாதுல்லா? அதுக்காகத்தான் இப்படி வச்சிருக்கு. பேட்டரி வச்சது வேற, அது வெல ஜாஸ்தி. மானியத்துல இதுதான் போடுவாவ."

"இத மாட்டும்போது சொல்ல வாய் இல்லையால ஒனக்கு?"

அவன் ஏதோ சொல்ல வந்தான், போன் செத்துப்போயிற்று.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பலகைகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "தினமும் குளிப்பாட்டினேனே, சவங்களே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஒழைக்கக் கூடாதா!" என்று கத்தினேன். எதிர் மாடியில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பலகையிலிருந்து வரும் வயரை நேராக மெஷினில் சொருகினால் என்ன என்று ரெஜினா கேட்டாள். இவர் படுத்தபடியே கையை ஆட்டினார். "அதத் தொட்டா ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்துல்லா சங்கு ஊதணும்."

அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எங்க ஆலையும் இப்படித்தான் புஷ்பம். வெளி லைன் போனா உள்ள எவ்வளவு கரி எரிஞ்சாலும் நின்னுரும். நீ அந்த இன்வெர்ட்டரக் குடுத்தத நெனச்சு அலட்டிக்கிடாத. இருந்திருந்தாலும் ஒரு பொழுதுக்குத் தாங்காது."

நான் இன்வெர்ட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லையே. மனுஷருக்கு எப்படித் தெரிந்தது?

மத்தியானம் படகு வந்தது. கடலில் ஓடுகிற ஃபைபர் படகு எங்கள் தெருவில்! ரெஜினாவின் அண்ணன் சூசை ஓட்டி வந்தார். இவரைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். அதை மாடிப்படியில் இறக்க நாலு ஆள் வேண்டும், இறக்கினாலும் படகு தாங்காது. அது இல்லாமல் இவரை ஏற்றினால் ஆஸ்பத்திரி போய்ச் சேரமாட்டார்.

"அண்ணாச்சி, நான் போய் ஆஸ்பத்திரியில ஒரு சின்ன சிலிண்டரு வாங்கிட்டு வந்திருதேன். அத மடியில வச்சுக் கூட்டிட்டுப் போயிருவோம். நாளைக்குக் கண்டிப்பா வாரேன்" என்றார் சூசை.

"மொதல்ல மொட்டமாடியில நிக்க புள்ளத்தாச்சிகளப் பாருங்க. நான் எங்க ஓடியா போவப் போறேன்?" என்றார் இவர். எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய தருமப் பிரபு. அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

சாயங்காலம் பார்க்கிறேன், திருகு அரையில் நிற்கிறது. ஒன்றில்தானே வைத்தேன்? "கை பட்டிருக்கும்" என்றார். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். மறுபடி ஒன்றுக்கு ஏற்றினேன்.

டிசம்பர் 20

சூசை வரவில்லை.

வெயில் நேற்றை விடக் கடுமை. இவர் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. இரண்டு வார்த்தை பேசினால் நாலு மூச்சு வாங்குகிறது. சோற்றைக் குழைத்து ஊட்டினேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆலை ஓடுகிறதா என்று பார்த்து வரச் சொன்னார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். புகைபோக்கியில் புகை இல்லை. கரிக்கிடங்கெல்லாம் தண்ணீராக இருக்கும்.

"ஓடுதா?"

"நல்லா ஓடுது. பொகை போவுது" என்றேன்.

"பின்ன கரண்டு வந்துரும்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

சூசையின் படகுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை என்று எதிர் மாடியிலிருந்து கத்திச் சொன்னார்கள். பங்க் எல்லாம் தண்ணீருக்குள். வந்த லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறதாம். படகு இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது, எண்ணெய் இல்லை. சூரியன் இருக்கிறது, பலகை இருக்கிறது, தெருவில் கரண்டு இல்லை. நான் என்னதான் செய்ய? என் தலையில் எழுதியவன் ஒரு வழியையாவது திறந்து வைத்திருக்கக் கூடாதா?

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி. சமையல் கேஸுக்குப் பார்க்கிற மாதிரி ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு துடைப்புத் துடைத்தேன். கேஸ் இருக்கிற மட்டத்துக்கு ஈரம் காயாமல் நிற்கும், காலியான பாகம் சட்டென்று காய்ந்துவிடும். அதில் எனக்குத் தப்பியதே இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தபடி நின்றேன். மேலே காய்ந்தது, நடுவில் காய்ந்தது, அடிவரைக்கும் காய்ந்துவிட்டது. ஒரு விரல் உயரம் கூட ஈரம் நிற்கவில்லை.

ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் "அடியில கூட இல்லையே யக்கா" என்றாள். இவரிடம் சொல்லவில்லை.

திருகைப் பார்த்தேன். மறுபடி அரையில் நின்றது. இவர் கண்ணை மூடிக்கிடந்தார், தூங்குகிறாரா தூங்குவது மாதிரி கிடக்கிறாரா தெரியவில்லை.

இந்தத் தடவை நான் ஏற்றவில்லை.

சூசை வந்துவிடுவார். அதுவரைக்கும் தாங்கினால் போதும்.

டிசம்பர் 21

விடியும்போது இவர் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். "வெளிச்சம் வந்துட்டா புஷ்பம்?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அவ்வளவுதான்.

காலைப் பலகாரத்துக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்த ரெஜினா என் சத்தம் கேட்டு ஓடி வந்து, குழாயைக் கழற்றித் திருகை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் படகுச் சத்தம். யாரோ பைக்குகளில் இருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சூசை ஒரு சின்ன சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அதைக் கீழே வைக்கக் கூடத் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டே அழுதார். நான்தான் வாங்கி இறக்கி வைத்தேன்.

டிசம்பர் 22

கரண்டு வந்தது.

டிசம்பர் 24

நேற்று ஜெயசுதா பஸ், லாரி, டிராக்டர் என்று மாறி மாறி வந்து சேர்ந்தாள். அப்பாவைச் சுட்ட சாம்பலைத்தான் பார்க்க முடிந்தது. என் மடியில் விழுந்து, "அந்த சோலார் ஆளு எங்கிட்ட சொன்னான்மா, கரண்டு போனா ஓடாதுன்னு. எனக்கு அது பெருசாத் தெரியல. நாந்தான் அப்பாவக் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிறுக்கு மாதிரி பேசாதட்டி. அவர் மூச்சு என்னைக்கோ ஆலையிலயே போச்சு" என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்று தெரிந்தது.

டிசம்பர் 28

காலையில் சிலிண்டர்க்காரர், தூக்குகிற ஆட்களைக் கீழே நிறுத்திவிட்டு, காலிச் சிலிண்டரை எடுக்க வந்தார். பெயர் மாடசாமி, தங்கமான மனுஷர். வெள்ளத்தில் அவர் குடோனும் போய்விட்டதாம். இவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டார்.

சிலிண்டரை உருட்டுவதற்கு முன்னால் பையிலிருந்து அளவு காட்டுகிற ஒரு புது முள் எடுத்துத் திருகி மாட்டினார். வழக்கம்போல் பார்க்கிறார் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது காலி இல்லம்மா. கால்வாசி கெடக்கு."

"இருக்காது. நான் ஈரத்துணி போட்டுப் பாத்தேன். அடி வரைக்கும் காஞ்சிட்டே" என்றேன்.

"அது அடுப்பு கேஸுக்கும்மா. அதுல உள்ள தண்ணி மாதிரி கெடக்கும், மட்டம் தெரியும். இது வெறும் காத்துதானே? எவ்வளவு இருந்தாலும் ஒண்ணு போலத்தான் காயும்."

"கால்வாசின்னா எவ்வளவு நேரம் வரும்?"

"ஏம்மா இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"ரெண்டுல வச்சா ஒரு ராத்திரி முழுசாத் தாங்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு ராத்திரி. எனக்கு அந்த ஒரு ராத்திரிதானே வேண்டியிருந்தது? விடிந்ததும் சூசை வந்துவிட்டாரே! இவர் ஒரு பக்கம் இறக்கி வைத்தார், நான் ஒரு பக்கம் ஏற்றாமல் விட்டேன். ரெண்டு பேருமாகச் சேர்ந்து மிச்சம் பிடித்திருக்கிறோம்.

மாடசாமி முள்ளைக் கழற்றும்போது கை தவறித் திருகு திறந்துகொண்டது. புஸ்ஸென்று சத்தம். அறை முழுக்கக் குளிர்ச்சியாகக் காற்று. அவர் பதறிப்போய்த் தடவினார், சட்டென்று அகப்படவில்லை.

"மூடுங்க மாடசாமி, வீணாப் போவுது" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.